தோற்ற பிறகும் நம்ம டீம்

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது 14 ஆட்டம், ஜெயித்தது நான்கு. அந்த அணியின் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். சேப்பாக்கத்திலேயே அடுத்தடுத்து அடி வாங்கியது. ஆனாலும் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பையன்கள் மஞ்சள் சட்டையைக் கழற்றவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணா" என்றான் ஒருவன், நமக்கே ஆறுதல் சொல்வதுபோல.

நாங்கள் இதைக் கேலி செய்யமாட்டோம். முதலாளியின் டீமுக்கு ஏன்டா கத்துகிறாய் என்று அவனுக்கு வகுப்பெடுப்பது சுலபம்தான். (நாங்களும் ஒருகாலத்தில் எடுத்தோம். அவன் மொபைலில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.) தோற்கிற அணியை விட்டு ஓடாமல் நிற்பது நல்ல குணம். எங்கள் கேள்வி, அந்தக் குணம் யாருக்கெல்லாம் கிடைக்கிறது என்பதுதான்.

கிராமத்து டோர்னமென்டுகளைப் பாருங்கள். பல இடங்களில் ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். நாங்கள் வேலை செய்த ஒரு ஊரில், காலனியில் நல்ல வேகப்பந்து போடும் பையன் இருந்ததால் ஊர் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். அரையிறுதி வரை அவன் "நம்ம பையன்". இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர் போனது. அன்று இரவே "அந்தத் தெருக்காரனைச் சேர்த்ததுதான் தப்பு" என்று பேச்சு. கேட்ச் விட்ட மூன்று பேரின் தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊரில் நடந்ததுதான் தேசிய அணிக்கும் நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் மகளிர் ஹாக்கி அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. எழுந்து அயர்லாந்தை வென்றது. 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த மே மாதம்தான் அவருடைய அப்பா இறந்திருந்தார். பயிற்சி முகாமில் இருந்ததால் கடைசியாக முகம் பார்க்கக்கூட அவரால் போக முடியவில்லை.

ஆகஸ்ட் 4, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோல்வி. ஹரித்வார் அருகே ரோஷனாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றது என்று கத்தியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது.

தன் நாடு தோற்றதற்குப் பட்டாசு! விசுவாசம் பற்றி மணிக்கணக்கில் பேசும் நண்பர்கள் இந்தப் பட்டாசை என்ன கணக்கில் எழுதுவார்கள்? ஒரு தோல்வியைக் கொண்டாட முடிகிறதென்றால், அவர்கள் அந்த அணியைத் தங்களுடையதாக ஒருநாளும் நினைத்திருக்கவில்லை. ஹாட்ரிக் நாளிலும்தான்.

இரண்டு நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டம். வீட்டு வாசலில் நடந்தது நாடு முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. பிரிட்டனிடம் 3-4 என்று தோற்றோம். அந்த மூன்றில் ஒரு கோல் வந்தனா அடித்தது.