மடை திறத்தலும் நீர் சேர்தலும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருப்பனந்தாள் வட்டாரத்தில், சிறுவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மேட்டூரில் மதகு திறந்த நாளும் வயலில் நீர் பாய்ந்த நாளும் ஒன்றல்ல என்பதே அது. 1934ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிய மேட்டூர் அணையினின்றும் குறுவைக்கு நீர் விடுதற்குரிய வழக்கமான நாள் ஜூன் 12. விட்ட நீர் கல்லணை வந்து, பல கிளையாகப் பிரிந்து, ஆறும் வாய்க்காலும் கடந்து கடைமடை சேரப் பல நாட்கள் செல்லும். மதகு திறந்தது எனக் கேட்ட மாத்திரத்தே நாற்றைப் பறித்து வரப்பில் வைப்பானை ஊரார் நகைப்பர். உழவர்க்கு எளிதாய இவ்வுண்மையைக் கணினி ஆள்வார் பெரிதும் மறந்திருக்கின்றனர் என்பதனையே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

கணினியை இயக்கியவுடன் நம் கண்முன் தோன்றுவது திரை ஒன்றே. அதன் பின்னே நம்மாற் காணப்படாத பணிகள் பல தாமே எழுந்து வேலை செய்கின்றன. வலையமைப்பை இணைப்பது ஒன்று. அச்சுப்பொறிக்குத் தாள் அனுப்புவது ஒன்று. தரவுத்தளத்தைக் காப்பது ஒன்று. இவற்றுள் எவை எழவேண்டும், எதன்பின் எது எழவேண்டும் என வகுத்தலே இயங்குதளத்தைச் செவ்வனே அமைத்தலின் ஒரு பெரும்பகுதியாகும்.

நாம் அறிந்த நூலகம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்வோம். அங்கே நூற்பட்டியல் கணினியில் இருந்தது. மாலையில் கணினியை நிறுத்துவர், காலையில் இயக்குவர். காலைதோறும் பட்டியல் திறவாது. இருமுறை மும்முறை நிறுத்தி இயக்கினால் ஒருகால் திறக்கும், ஒருகால் திறவாது. பழியோ, பொத்தானை அழுத்தும் கடைநிலை ஊழியர்மேல் விழுந்தது. அவர் கை படுவதனாலேயே கெடுகின்றது என்றார் சிலர். கணினி பழுதாயிற்று, புதியது வாங்குக என்றார் வேறு சிலர். அம்முதியவர் மறுமொழி ஒன்றுங் கூறாது தலைகுனிந்து நின்றதை நாம் கண்டோம். பின்னர், கணினி தானே எழுதிவைக்கும் நிகழ்ச்சிப் பதிவேட்டை மாணவர் ஒருவர் பொறுமையோடு படித்துப் பார்த்தார். தரவுத்தளம் ஆயத்தமாகுமுன்னரே பட்டியற்பணி எழுந்து, அதனை அழைத்து, விடை பெறாது வீழ்ந்து கிடந்தமை அதிற் புலப்பட்டது. குற்றம் கையினதும் அன்று, பொறியினதும் அன்று, முறையினதே.

இம்முறையை முன்னாளில் லினக்ஸ் இயங்குதளங்கள் எண்ணால் வகுத்தன. சிறிய எண் பெற்ற பணி முன்னும், பெரிய எண் பெற்றது பின்னுமாக ஒவ்வொன்றாய் எழும். 2010இல் வெளிப்போந்த சிஸ்டம்டி என்பது, தம்முட் சார்பில்லாத பணிகளை ஒருங்கே எழுப்பி, சார்புடையனவற்றிற்கு மட்டும் முறை குறிக்கும் வழியைக் கொண்டது. அதனை ஏற்பதா மறுப்பதா என்று டெபியன் குழுவினருள் பெரும் வாதம் நிகழ்ந்தது. 2014இல் ஏற்பதெனத் துணிந்தனர். 2015இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் அதுவே இயல்பாயிற்று. உடன்படாதார் பிரிந்து தெவுவான் என வேறொன்று கண்டனர்.

சிஸ்டம்டியில் இரண்டு குறிப்புக்கள் வேறு வேறாக உள்ளன. ‘ரிக்வயர்ஸ்’ என்பது ‘இது வேண்டும்’ எனக் கூறுவது; ‘ஆஃப்டர்’ என்பது ‘இதன்பின்’ எனக் கூறுவது. தமிழ் பயில்வார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ‘நீர் வரின் நடுவர்’ என்புழி நீர் இன்றியமையாமை தோன்றும். ‘நீர் வந்து நட்டனர்’ என்புழி முன்பின் தோன்றும். செயின் என்னும் எச்சமும் செய்து என்னும் எச்சமும் ஒன்றென மயங்குவார் நம்முள் உளரோ? நூலகக் கணினியில் நிகழ்ந்த பிழை அம்மயக்கமே. பட்டியற்பணிக்குத் தரவுத்தளம் வேண்டும் என எழுதியவர், அதன்பின்னரே எழுக என எழுதவில்லை. ஆகலின் இரண்டும் ஒருங்கே எழுந்தன.

‘பின்’ என்று எழுதிய துணையானும் அமையாது. முன்னது தொடங்கியது என்பதற்கு எது சான்று? சில பணிகள் இயங்கப் புகுந்த அக்கணமே தொடங்கியனவாகக் கொள்ளப்படும். சிலவோ, ‘யாம் ஆயத்தம்’ எனத் தாமே அறிவித்த பின்னரே அவ்வாறு கொள்ளப்படும். முன்னது மதகு திறந்த செய்தி. பின்னது நீர் வந்து சேர்ந்த செய்தி. அந்நூலகத்துத் தரவுத்தளமாகிய மரியாடிபி பிற்கூறிய வகையினது ஆதலின், ஒருவரி சேர்த்தமையே போதியதாயிற்று. அவ்வரியையும் மூலக் கோப்பிற் சேர்க்காது, மேல்வரும் புதுப்பிப்பால் அழியாத தனித் துணைக்கோப்பில் அம்மாணவர் எழுதிவைத்தார். மறுநாட் காலை அம்முதியவர் பொத்தானை அழுத்தினார், பட்டியல் திறந்தது.

கணினி விரைவாக எழவேண்டி, அறியாத பணிகளையெல்லாம் முடக்கிவிடுக என அறிவுரை கூறுவார் பலர். வாய்க்கால்களை அடைத்துவிட்டால் ஆற்றில் நீர் மிகும் என்பது போன்றதே இது. அச்சுப்பணியை முடக்கியவர் தேர்வுக் காலத்தில் அச்சுப்பொறியை வைவதை நாம் கண்டிருக்கின்றோம். விண்டோஸிலும் ஒரு பணியைத் தானே எழுக, தாழ்த்து எழுக, அழைத்தால் எழுக, எழாதொழிக என வகுக்க இடமுண்டு. இன்னது என அறியாத பணியை முடக்கலாகாது. அறிந்தபின், வேண்டாததனை எழவிடலும் ஆகாது.

இது தொழில்வல்லார் கடன், தமிழ் மாணாக்கர்க்கு இதனால் ஆவது என்னை எனச் சிலர் வினவுவர். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தால் நம் நாட்டு ஏழை மாணவர் பலர் கைக்கு மடிக்கணினி வந்தது. டெபியனைத் தழுவிச் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் என்னும் இயங்குதளம் நம் நாட்டிலேயே உண்டு. கருவி வந்தது, அதன் உள்ளொழுங்கை நம் மொழியில் உணர்த்தும் நூல்களோ மிகச் சில. மதகு திறந்தது, நீர் கடைமடை சேரவில்லை. அதனைச் சேர்ப்பது, சொல்லின் முறையும் பொருளும் ஆராயும் நம் கடன் அன்றெனின் வேறு யார் கடன்?

வீட்டுப் பணியாளரை ஏற்ற காலத்தில் ஏற்றவாறு நடத்தும் உக்கிராணக்காரனைப் பற்றித் திருமறையிற் கேட்டு வளர்ந்தவர் நாம். நம் கையிலுள்ள கருவியின் காணாப் பணியாளரை நாம் அறியாதிருப்பின், அவர்தம் பிழைக்குரிய பழி, மறுமொழி கூறமாட்டாத எளியார் ஒருவர்மேலேயே விழும். ஆதலின், கருவியைப் பழிக்குமுன், கருவியைத் தொட்ட கையைப் பழிக்குமுன், பதிவேட்டை ஒருமுறை படிப்போமாக.