முதற்பாடம் மோகனமாகட்டும்

சங்கீதத்தை ஒரு பாடமாகப் பயின்று, பரீட்சையில் திறமைச் சித்தியும் பெற்ற மாணவர் ஒருவரிடம், அவர் முன்னர் கேட்டிராத ஒரு வரியைச் சுரக்குறிப்பில் எழுதிக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் திகைப்பர். ஆசிரியர் பாடியதைத் திருப்பிப் பாட வல்ல அவர்கள், எழுதியதைப் பார்த்துப் பாட அறியார். இதற்கு மாணவரின் மந்தத்தைக் காரணங் காட்டுதல் எளிது. குற்றம் முதற்பாடத்திலேயே உள்ளது என்பது எமது வாதம்.

புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. ச-ரி, க-ம, ப-த, நி-ச என நான்கிடங்களில் அரைச்சுர இடைவெளி. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அமைப்பினவாதலின் எளிதென்பர் மரபாளர். உண்மையே, ஆனால் அவ்வெளிமை மனனத்துக்கே உதவும். படிப்படியாக ஏறியிறங்கும் வரிசையில் குழந்தை அடுத்த சுரத்தை வாசிப்பதில்லை; ஊகித்துவிடுகிறது.

மோகனத்தை நோக்குக. ச ரி க ப த என்னும் ஐந்திடையே அரைச்சுர இடைவெளி இல்லை. பழகாத குரல் வழுக்குவது அங்கேதான். ஹங்கேரியின் கொடாய் (1882-1967) ஐந்துசுர நாட்டுப்பாடல்களை முதற்படியாக்கியதும் இதனாலன்றோ? ரி, க, ப, த என்பவற்றை ஒவ்வொன்றாக ஆதாரமாக்கின், முறையே மத்தியமாவதி, இந்தோளம், சுத்தசாவேரி, சுத்ததன்யாசி பிறக்கும். ஐந்து சுரம் கற்றவன் ஐந்து இராகத்துக்கு வாயில் திறந்தவனாவான். இது இரவற்சரக்குமன்று, ஐந்துசுரப் பண்ணைத் ‘திறம்’ எனப் பெயரிட்டவர் நம் முன்னோர்.

‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தில் இளையராஜா மோகனத்தில் அமைத்த பாடலைக் குழந்தை ஏற்கெனவே அறியும். அதன் சுரங்களை எழுதிக் காட்டுக. செவி கண்ணுக்குச் சான்றாகும். பின்னர் ஓரிடத்தை மாற்றி எழுதுக. இப்போது வாசித்தேயாக வேண்டும்.

சினிமாப் பாட்டு சங்கீதத்தைக் கெடுக்கும் என்று சிலர் பதறுவர். அங்கேயே நின்றுவிடுமாறு எவர் கூறினார்? மத்திமமும் நிஷாதமும் பின்னர் வரட்டும், மாயாமாளவகௌளையும் வரட்டும்.

1990இல் வெளியேற்றப்பட்டு, 2009இன் பின்னரே மக்கள் மீளத் தொடங்கிய எங்கள் சிலாவத்துறை போன்ற கரையூர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே சங்கீத ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் பாடமும் அவரோடு பேருந்தேறிவிடும். சுரம் வாசிக்க அறிந்த பிள்ளைக்கோ ஏடே ஆசானாக எஞ்சும். குரு அருகிலிருக்கும் நகரத்தார்க்கு இது சிறு சீர்திருத்தம். எமக்கோ இசை உண்டா இல்லையா என்னும் வினா.