கைராசியல்ல, காலநிலை

எங்கள் யட்டவத்தவில் ஒரு ரோஜாச் செடி பட்டுப்போனால் அதற்கு ஒரு காரணம்தான் சொல்லப்படும்: நட்டவளுக்குக் கைராசி இல்லை. இந்தத் தீர்ப்பை என் அம்மா கேட்டார். இப்போது என் மனைவி கேட்கிறார். முப்பது வருடங்களாகப் பத்திரிகையில் எத்தனையோ அநியாயங்களை எழுதிய நான், என் முற்றத்து அநியாயத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

சென்ற வருடம் நுவரெலியாவிலிருந்து ஆறு ஒட்டுக்கன்றுகள் வாங்கிவந்தோம். விற்ற இடத்தில் அவை கருஞ்சிவப்பாக, இதழ் நெருங்கி, உள்ளங்கை அளவில் பூத்திருந்தன. எங்கள் வீட்டில் அடுத்து மலர்ந்த பூக்கள் பாதி அளவுகூட இல்லை. காலையில் சிவந்து விரிந்தவை மாலைக்குள் வெளிறின. மழை தொடங்கியதும் இலைகளில் கரும்புள்ளி விழுந்தது. விற்றவரைத் தொலைபேசியில் கேட்டேன். "உரம் காணாது ஐயா" என்றார். உரம் போட்டோம்; மருந்தும் அடித்தோம். நான்கு செடிகள் போய்விட்டன. அயலவர்கள் வந்து பார்த்து, வழமையான தீர்ப்பை வழங்கிச் சென்றார்கள்.

உண்மை என்ன? நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாத்தளை நகரம் 400 மீற்றரைக்கூட எட்டவில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகைக்கு மேல் குறையும். ஆகவே அங்கும் இங்கும் எட்டு ஒன்பது பாகை வித்தியாசம். ரோஜாவின் சிவப்புக்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள். குளிர்ந்த இரவுகளில் அது இதழில் நன்றாகச் சேரும். வெப்பத்தில் அது குறைவாகவே உண்டாகும். உண்டானதும் விரைவில் சிதையும். குளிரில் மொட்டு ஆறுதலாக வளர்வதால் பூ பெருக்கிறது. வெப்பத்தில் அவசரப்பட்டு விரிவதால் சிறுக்கிறது. கரும்புள்ளியைத் தரும் பூஞ்சைக்கோ இலை ஏழு மணித்தியாலம் ஈரமாக இருந்தால் போதும். எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஓர் இரவு வேலை. இதில் கை எங்கே வந்தது? ராசி எங்கே வந்தது?

இதே கூத்து குளிர்நாட்டிலும் நடக்கிறது. ரொறன்ரோவில் வாழும் என் பள்ளித்தோழன் வசந்தம்தோறும் ஹைப்ரிட் டீ ரோஜாக்களை வாங்கி நடுகிறான். அடுத்த வசந்தத்தில் பனி கரைந்ததும் கருகி நிற்கும் தண்டுகளைப் பிடுங்கி எறிகிறான். எனக்குக் குளிர் போதவில்லை. அவனுக்கு அது மிஞ்சிவிட்டது. ஹைப்ரிட் டீ வகைகள் சீனத்து ரோஜாக்களின் வழிவந்தவை. மீண்டும் மீண்டும் பூக்கும் குணம் அங்கிருந்து வந்தது. குளிர்காலத்தில் ஆழ்ந்து உறங்கத் தெரியாத குணமும் அங்கிருந்தே வந்தது. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிந்தால் கடுங்குளிரில் மேற்பகுதி செத்துவிடும். பிறகு கீழேயுள்ள ஒட்டுக்கட்டை துளிர்த்தாலும், பூப்பது அவன் காசு கொடுத்து வாங்கிய ரோஜாவாக இருக்காது.

ஆனால் கனடா யாருடைய கையையும் குறைசொல்லிக்கொண்டு இருக்கவில்லை. அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் ஒட்டாவா ஆய்வுநிலையத்தில் ஃபெலிசிட்டாஸ் ஸ்வெஜ்டா என்ற பெண் விஞ்ஞானி பல ஆண்டுகள் உழைத்து, பனியைத் தாங்கும் 'எக்ஸ்ப்ளோரர்' ரோஜாக்களை உருவாக்கினார். 'ஜோன் கபோட்', 'வில்லியம் பாஃபின்' ஆகியவை அந்த வரிசையில் வந்தவை. இந்தியாவில் கோதுமை விஞ்ஞானி பி.பி. பால் சமவெளி வெயிலுக்கு ஏற்ற ரோஜாக்களைத் தேடினார். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன், வெள்ளத்திலும் வெப்பத்திலும் வளரும் வங்கத்துக் காட்டு ரோஜாவைக் கலந்து வெப்பநாட்டு வகைகளை உருவாக்கினார். ஊருக்கேற்ற ரோஜாவைத் தேடுவதே அறிவுடைமை. நாமோ மலைநாட்டு ரோஜாவை வாங்கிவந்து, அது வாடியதும் வீட்டுப் பெண்ணைப் பழிக்கிறோம்.

"ஒரு பூச்செடிக்கு இவ்வளவு ஆவேசமா?" என்று சிலர் கேட்கக்கூடும். காசு போகிறது, பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் மருந்து தெளிக்கப்படுகிறது, எந்தத் தவறும் செய்யாதவள் தன் கையைத் தானே நொந்துகொள்கிறாள். ஆவேசப்பட இவை போதாவா?

நான் கேட்பது பெரிய காரியமல்ல. கன்றோடு கட்டும் அட்டையில் விலையுடன் இரண்டு வரி சேருங்கள்: இந்தச் செடி எந்த உயரத்தில் வளர்க்கப்பட்டது? எந்த உயரத்துக்கு ஏற்றது? பேராதனைப் பூங்கா சுமார் 460 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹக்கலைப் பூங்கா அதைவிட ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்தது. இரண்டும் ஒரே திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. ஒரே பத்து வகைகளை இரண்டிடத்திலும் நட்டு, நிறத்தையும் நோயையும் பதிந்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு விற்பனை நிலையங்களில் ஒட்டலாம். அதற்கு வேண்டியது மனம்தான்.

எங்கள் கிணற்றடியில் அம்மா நட்ட இளஞ்சிவப்பு நாட்டு ரோஜா ஒன்று நிற்கிறது. சிறிய பூ, நல்ல வாசம். உரமில்லை, மருந்தில்லை, ஒட்டுமில்லை. தடி ஒடித்து நட்டது. நாற்பது வருடங்களாகப் பூக்கிறது. அதைப் பார்த்து அம்மாவின் கைராசியை மெச்சியவர் இந்த ஊரில் ஒருவருமில்லை.