ஊர் சுற்றுவதும் ஒரு படிப்பே

"தம்பி, நீர் படிக்கப் போனீரோ, ஊர் சுற்றப் போனீரோ?"

ஜேர்மனியில் இரண்டாண்டு முதுமாணிப் படிப்பை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பிய என்னை, உயர்தர வகுப்பில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் இவ்வாறு கேட்டார். விடுமுறைகளில் நான் சென்றுவந்த நகரங்களின் பெயர்களை யாரோ அவர் காதிற் போட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆயினும் அக்கேள்வியில் ஒரு கண்டிப்பும் இருந்தது. அன்று நான் தக்க விடை கூறவில்லை. இப்போது கூற முயல்கிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்மவரிடையே ஒரு பிள்ளை வெளிநாடு சென்று படிப்பதென்பது அப்பிள்ளையின் தனிக் கருமமன்று. தாயின் காப்பு அடகுக் கடையில் இருக்கும். காணித்துண்டு ஈட்டில் இருக்கும். தங்கையின் கலியாணம் ஓராண்டு தள்ளிப் போயிருக்கும். இத்தனையையும் தோளிற் சுமந்துகொண்டு சென்றவன், பாரிஸ் மாநகரத்துக் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுத்து அனுப்பினால், பார்ப்பவர் முகஞ்சுளிப்பது இயல்பே.

நானும் அப்படிப் படம் எடுத்தவன்தான். முதலாண்டு மார்கழி விடுமுறையில் நம் நாட்டு நண்பர் நால்வருடன் பத்து நாளில் ஏழு நகரங்களைச் சுற்றினேன். விடியற்காலையில் ஒரு பேருந்திலிருந்து இறங்குவோம். இரவானதும் இன்னொன்றில் ஏறுவோம். வழியெல்லாம் நமது பேச்சு, நமது பகிடி, நமது சமையல். பிராக் நகரில் நாங்கள் கடந்த புகழ்பெற்ற பாலத்தைப் பற்றி இன்று என் நினைவில் நிற்பது, முதல்நாட் கறிக்கு உப்புக் கூடிவிட்டதென்று அதன்மேல் நின்று வாதிட்டோம் என்பது மாத்திரமே. இத்தகைய பிரயாணத்தை ஆசிரியர் கண்டிப்பாராயின், நானும் அவர் பக்கமே நிற்பேன்.

நான் இங்கு வலியுறுத்த விரும்புவது வேறு வகைப் பிரயாணத்தை. தனியே செல்ல வேண்டும். ஒரே நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே சில நாள் தங்கிக் கால்நடையாகத் திரிய வேண்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஜேர்மனியில் மாணவனாக வதியும் அனுமதி பெற்றவன், ஷெங்கன் உடன்பாட்டைச் சேர்ந்த ஏனைய நாடுகளில், 180 நாள்களுள் 90 நாள் வரையில் வேறு விசா இன்றித் தங்கலாம். பேருந்துக் கட்டணம், எட்டுப் பேர் துயிலும் விடுதியறையில் ஒரு கட்டில், பாண், பாற்கட்டி, வாழைப்பழம் என்பவற்றோடு என் செலவு முடிந்தது. அச்செலவையும் மாலை வேளைகளில் ஓர் உணவுச்சாலையிற் கோப்பை கழுவியே தேடிக்கொண்டேன்.

நான் இவ்வாறு தனியே சென்ற முதல் நகரம் பெல்ஜியத்திலுள்ள லூவன். 1425 ஆம் ஆண்டிலே தோன்றிய பல்கலைக்கழகம் அங்குள்ளது. 1517 இல், எராஸ்மஸ் என்னும் பேரறிஞரின் துணையோடு, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றைக் கற்பிக்கும் மும்மொழிக் கல்லூரியொன்றும் அங்கே எழுந்தது. இன்று ஐரோப்பிய மாணவர் நாடுவிட்டு நாடு சென்று பயில உதவும் திட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

அந்நகரின் பல்கலைக்கழக நூலகம் இருமுறை எரிந்தது. 1914 ஆகஸ்டில் ஜேர்மன் படையினர் இட்ட தீயில் ஏறத்தாழ 3 இலட்சம் நூல்கள் அழிந்தன. அமெரிக்க மக்களின் நன்கொடையைக் கொண்டு கட்டப்பட்ட புதிய நூலகம் 1928 இல் திறக்கப்பட்டது. பொருளுதவி செய்த பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்களை அதன் சுவர்க் கற்களில் இன்றும் வாசிக்கலாம். 1940 மே மாதம் அதுவும் எரிந்தது. அம்முறை போனவை ஏறத்தாழ 9 இலட்சம். மீண்டும் அதே வடிவிற் கட்டி எழுப்பினார்கள்.

மூன்றாவது அழிவு நெருப்பினால் வந்ததன்று. டச்சு மொழி பேசும் பிளெமிய மக்களின் மொழி நெடுங்காலமாக அரச கருமங்களிலும் உயர்கல்வியிலும் பின்தள்ளப்பட்டிருந்தது. அவர்களின் குறை பொய்யன்று. அக்குறை முற்றிப் பிரெஞ்சு மொழிப் பிரிவினர் லூவனை விட்டு வெளியேற வேண்டுமென்ற கிளர்ச்சியாயிற்று. 1968 இல் அதன் காரணமாக நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாகப் பிளந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்கென வயல்வெளியில் ஒரு புதிய நகருக்கு 1971 இல் அடிக்கல் நாட்டினார்கள். நூலகத்தின் நூல்களையும் பங்கிட்டார்கள். குறியெண் ஒற்றையாயின் ஒரு பக்கம், இரட்டையாயின் மறுபக்கம். இருமுறை நெருப்புக்குப் பின்னும் ஒன்றாகச் சேர்த்துவைத்த ஏடுகளைக் கற்றவர்களே இவ்வாறு பிரித்தார்கள்.

மறுநாள் அந்தப் புதிய நகருக்குப் புகையிரதத்திற் சென்றேன். முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். வண்டியில் முதலில் டச்சு மொழியில் மாத்திரம் அறிவித்தார்கள். சற்று நேரத்தில் பிரெஞ்சு மொழியில் மாத்திரம் அறிவித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட மொழி எல்லையை வண்டி கடந்திருந்தது. யன்னலுக்கு வெளியே எதுவும் மாறவில்லை. அதே வயல், அதே மரங்கள். நண்பரோடு கூடிச் சென்றிருந்தால் அந்த மாற்றம் என் காதில் விழுந்திராது. தனியே செல்பவனுக்குப் பேசத் துணையில்லை; ஆகவே அவன் கேட்கிறான்.

லூவன் நூலகத்தில் ஒரு முதிய பெண்மணி, அயலூரான் ஒருவன் சுவரிலுள்ள பெயர்களை நெடுநேரம் வாசித்து நிற்பதைக் கண்டு, எந்த ஊர் என்று வினவினார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கும் ஒரு நூலகம் எரிந்தது என்று தொடங்கி, 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு மூண்ட தீ, ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் என்று பாடம் ஒப்புவிப்பதுபோற் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த எந்த நூல்கள்?" என்றார்.

என்னால் ஒரு நூலின் பெயரையேனும் சொல்ல முடியவில்லை. மீளக் கட்டிய அந்நூலகத்தின் மண்டபத்தில் இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவன் நான். எண்ணிக்கையை அறிந்திருந்தேன், அக்கட்டடத்தை எத்தனையோ முறை பெருமையோடு பிறருக்குக் காட்டியிருக்கிறேன். எவை போயின என்று எவரையும் கேட்டதில்லை. அன்று அப்பெண்மணியின் முன் நான் அடைந்த நாணம், எந்தப் பரீட்சையிற் தவறியபோதும் அடையாதது.

அந்த நாணமே என்னைப் பின்னர் பெர்லினுக்கு அழைத்துச் சென்றது. அங்கே பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் 1933 மே 10 இரவு ஏறத்தாழ 20,000 நூல்களை எரித்தார்கள். அதன் நினைவாக, மிஹா உல்மன் என்னும் சிற்பி 1995 இல் நிலத்தின் கீழ் ஓர் அறையை அமைத்தார். தரையிற் பதித்த கண்ணாடியின் ஊடாகக் குனிந்து பார்த்தால், 20,000 நூல்கள் கொள்ளத்தக்க வெறுமையான அலுமாரித் தட்டுகள் தெரியும். அந்த எரிப்பை ஒழுங்கு செய்தவர்கள் கல்லாத முரடர் அல்லர், மாணவர் சங்கத்தினர். படித்தவன் நூலைக் காப்பான் என்ற என் நம்பிக்கையை அந்தக் கண்ணாடியின்மேல் நின்றுதான் முதன்முதலாக ஐயுற்றேன். இதை எந்த விரிவுரையும் எனக்குத் தந்திருக்க முடியாது என்று சொல்லவில்லை. தந்திருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்திருப்பேன் என்று சொல்கிறேன்.

தனிப் பிரயாணத்தை நான் பொன்னாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஓர் எல்லையருகே வண்டியில் ஏறிய காவலர், நிறைந்திருந்த பெட்டியில் என்னிடம் மாத்திரம் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். காய்ச்சலோடு ஓர் இரவு விடுதியிற் தனியே கிடந்தேன். என்னோடு பயின்ற மாணவியர் இருவர் தனியே செல்ல எண்ணியபோது, நான் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத பலவற்றையும் அவர்கள் எண்ண வேண்டியிருந்தது. ஆதலால் எல்லாரும் என்னைப்போற் போகவேண்டும் என்பது என் வாதமன்று. வாய்ப்புள்ளவர் அதைப் படங்களாய் வீணாக்கலாகாது என்பதும், ஆசிரியர்கள் அவர்களைப் போகாதே என்று தடுப்பதிலும் பார்க்க, எதைத் தேடிப் போகிறாய் என்று கேட்டு அனுப்புவது நன்று என்பதுமே என் வாதம்.

சென்ற கிழமை என் ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். லூவனிற் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன்: 1981 இற்கு முன்னர் அந்நூலகத்தில் நீங்கள் எடுத்து வாசித்த நூல்கள் எவை? நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு ஒன்றைச் சொன்னார். அதன் அட்டையின் நிறத்தைச் சொன்னார். அது எந்தத் தட்டில் இருந்தது என்பதையும் சொன்னார். பிரயாணத்திற் கொண்டு திரிந்த கொப்பியிலேயே எழுதிக்கொண்டேன். பொழுதுபடுமுன் பதினொரு பெயர்கள் சேர்ந்தன. மிகுதியை எழுத, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.