யார் பெயரில் யார் ஆடுவது?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குளுவாங், சிகாமட், லாபிஸ், யோங் பெங், கூலாய் என்று ஜொகூரில் எந்தப் பக்கம் போனாலும் திடலில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கான காற்பந்துப் போட்டி. 12 வயதுக்குட்பட்டோர், 15 வயதுக்குட்பட்டோர். ஒரு கிண்ணம், கொஞ்சம் பதக்கங்கள், வந்தவர்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு. எத்தனையோ தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாகி, ஜனங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அப்படியும் பழைய தோட்டத்தின் பெயரைச் சட்டை முதுகில் அச்சடித்துக்கொண்டு பிள்ளைகள் வந்து ஆடுவதைப் பார்க்கிறோம். பால்மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது, பெயர் மட்டும் சட்டையில் நிற்கிறது. அந்தப் பெயரை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைத்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். 15 வயதுப் போட்டியில் மீசை அரும்பிய பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள். எல்லாக் குழுக்களிலும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் போட்டிக்குப் போட்டி கூடிக்கொண்டு வருகிறது. நம் நாட்டு அடையாளக் கார்டில் முதல் ஆறு எண்களே பிறந்த தேதியாக இருப்பதால் வயதைத் திருத்த முடியாது. அதனால் ஆளையே திருத்திவிடுகிறார்கள்! பட்டியலில் நம் தோட்டத்துப் பையன் பெயரும் எண்ணும் இருக்கும். திடலில் இறங்குகிறவன் பக்கத்துப் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டி வரப்பட்ட வேறொருவன். பெயர் ஒருவனுடையது, கால் இன்னொருவனுடையது. நடுவர் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் ஐம்பது வெள்ளிக்கும் வந்த மனிதர். அவர் எத்தனை முகத்தைக் கார்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? எதிர்க் குழுவுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் கத்துவதில்லை. அடுத்த மாதம் அவர்களும் அதையேதான் செய்யப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தை நானே பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு மாதமாக மழையென்றும் பாராமல் மாலைப் பயிற்சிக்கு வந்த பையன் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். திடலில் கோல் விழுகிறது. ஒலிபெருக்கியில் அந்த மரத்தடிப் பையன் பெயரைச் சொல்லி, "அருமையான கோல்!" என்று அறிவிக்கிறார்கள். சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் தாயார், மகன் பெயரைக் கேட்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறார். வந்து பார்த்தால் மகன் மரத்தடியில். "என்னாடா, ஒன் பேரச் சொன்னாங்களே?" என்று கேட்கிறார். அவன் பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குழு அன்றைக்குக் கிண்ணம் வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோழர்களே, வருடக்கணக்காக உழைத்த நம் ஆளை ஓரமாக உட்கார வைத்துவிட்டுக் குத்தகைக்காரன் கொண்டுவந்த ஆளை நிர்வாகம் வேலையில் இறக்கினால் நாம் சும்மா இருப்போமா? பிரட்டுக்களத்திலேயே கேள்வி கேட்போம். குலைக் கணக்கில் கிராணி ஒரே ஒரு குலையைக் குறைத்து எழுதிவிட்டால் சங்கத்துக்குப் புகார் வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் அதே நாம், பிள்ளை வயதில் இரண்டு வருஷத்தை ஒருவர் குறைத்துக் காட்டினால் வரப்பில் நின்று கைதட்டுகிறோம். கேட்டால், "சின்னப் பிள்ளைங்க ஆட்டந்தானே, விடுங்க!" என்கிறோம்.

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் செய்த இதே தில்லுமுல்லு ஒரு தேசத்தையே எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கேளுங்கள். 1988-ஆம் ஆண்டில் 20 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கான வட்டாரப் போட்டி குவாத்தமாலாவில் நடந்தது. மெக்சிக்கோ அணியில் வயது கடந்த நான்கு பேரை இறக்கினார்கள். வெளியே எப்படித் தெரிந்தது தெரியுமா? அந்த நாட்டுக் காற்பந்துச் சம்மேளனம் தானே அச்சிட்ட ஆண்டுப் புத்தகத்தில் உண்மையான பிறந்த தேதிகள் இருந்தன! ஒரு பத்திரிகையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், முடிந்தது கதை. ஃபிஃபா மெக்சிக்கோவின் எல்லா அணிகளையும் இரண்டு வருஷத்துக்கு ஒதுக்கி வைத்தது. அந்த வருஷம் சியோல் ஒலிம்பிக்கில் ஆடத் தகுதி பெற்றிருந்த மெக்சிக்கோ குழு வீட்டில் உட்கார, அதன் இடத்தில் குவாத்தமாலா போய் ஆடியது. 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணமும் போயிற்று.

அதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாட்டின் பெரிய ஆட்டக்காரர் ஹியூகோ சாஞ்சஸ், ஸ்பெயின் நாட்டில் ரியால் மாட்ரிட் குழுவுக்கு 1989-90 பருவத்தில் மட்டும் 38 கோல்கள் போட்டவர். உலகமே அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். உலகக் கிண்ணம் நடந்தபோது அவர் ஆட முடியவில்லை. பொய்த் தேதி எழுதியது அவரில்லை. அந்த இளைஞர் குழுவுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே தேசத்தின் சட்டையைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். சட்டையில் உள்ள பெயர் கெட்டால் அதைப் போட்ட எல்லார் தலையிலும் விடியும். தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. யாரோ ஒருவர் பாலில் தண்ணீர் கலந்தார் என்று தெரிந்துவிட்டால், மறுநாளிலிருந்து அத்தனை பேர் வாளியிலும் மெட்ரோலாக்கைப் போட்டுப் பார்த்த காலம் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

அமெரிக்காவில் 2001-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே பேஸ்பால் என்ற ஆட்டத்தில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரிய போட்டி உண்டு. நியூயார்க்கிலிருந்து வந்த ஏழைகள் குழு ஒன்றில், டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் பந்து வீசினால் எதிரே நிற்பவர்களால் தொடவே முடியவில்லை. தேசமே கொண்டாடியது. பிறகு பார்த்தால் பையனுக்கு வயது 14. பிறப்புப் பத்திரம் பொய். குழு பெற்ற மூன்றாவது இடம் பறிக்கப்பட்டது. பையனின் தகப்பனாருக்கும் குழுவை நடத்தியவருக்கும் ஆயுள் தடை. விசாரித்தவர்கள் பையன்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பையன் பெயரைத்தான் சொல்கிறார்கள்; தகப்பன் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. நாம் அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னொரு சங்கதியும் வெளியே வந்தது: அமெரிக்காவுக்கு வந்த பிறகு அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. பந்துதான் முக்கியம்! நம்மிலும் சில தகப்பன்மார்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டுக்கே வருவோம். 2025 ஜூன் 10-ஆம் தேதி மலேசியக் குழு வியட்நாமை 4–0 என்று ஜெயித்தபோது நாமெல்லாம் தொலைக்காட்சி முன் துள்ளினோம். செப்டம்பரில் ஃபிஃபா தீர்ப்புச் சொன்னது: வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டி இந்த நாட்டில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் பொய்யானவை. சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் ஆளுக்கு 2,000 பிராங்க் அபராதம், 12 மாதத் தடை. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியாகி, வழக்கு அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயிற்று. காற்பந்துச் சங்கமோ இது நிர்வாகத்தில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு என்று சொன்னது. யார் செய்தார்கள் என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் அந்தப் பத்திரங்களில் ஒன்று ஒரு பாட்டியை நம் ஜொகூரில் பிறந்தவராகக் காட்டியது. மூலப் பத்திரத்தில் அந்த அம்மாள் பிறந்தது பிரேசில் நாட்டில்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் ஆட்டத்தைப் பற்றியது மட்டுமல்ல. இந்த ஜொகூர் மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பால்மரம் சீவி, இங்கேயே சுடுகாட்டுக்குப் போன நம் பாட்டிமார்கள் எத்தனை பேர் ஒரு பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு கண் மூடினார்கள்! 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் எத்தனை குடும்பங்கள் கப்பலேறின! இன்றைக்கும் சூராட் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் தாய்மார்கள் நம் சங்க ஆபீசுக்கு வருகிறார்கள். ஒரு காகிதத்தில் உள்ள பெயருக்கும் தேதிக்கும் என்ன விலை என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட நாம், பதினான்கு வயதுப் பையன் அடையாளக் கார்டை வாங்கி வேறொருவன் கையில் கொடுப்பதை விளையாட்டாக நினைக்கலாமா? சிரமப்பட்டு வாங்கின கார்டு ஐயா அது!

"ஜெயிச்சாத்தானே பெரிய மனுசங்க வருவாங்க, மானியம் கிடைக்கும், பையன்களுக்கு ஜெர்சி வாங்கலாம்" என்று கமிட்டிக்காரர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. கையிலிருந்து செலவழித்துப் பெட்ரோல் போட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைத் திட்டுவது இந்தப் பகுதியின் நோக்கமல்ல. ஆனால் வருகிற மானியம் எந்தப் பையனுக்குப் போகிறது? மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கா? அவன் பதினாறு வயதில் பந்தை விட்டுவிடுகிறான். மாலை ஐந்து மணிக்குத் திடலில் இல்லாத பையன் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? கூலிக்கு வந்தவனும் உருப்படுவதில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளை இடித்துத் தள்ளி ஜெயித்தவன், தன் வயதுக்காரர்களோடு ஆடும்போது ஒன்றும் கற்றுக்கொள்ளாதவனாக நிற்கிறான். 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 2009 முதல் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து எலும்பைப் பார்க்கிறார்கள். எலும்புக்கு யாரும் பொய்ச் சாட்சி சொல்லித்தர முடியாது.

நம் இனத்துப் பிள்ளைகளால் பெரிய திடலில் நேராக நின்று ஆட முடியாதா? 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன மலேசியக் குழுவின் தலைவர் எம். சந்திரன். 1980-இல் தென் கொரியாவை 2–1 என்று மெர்டேக்கா அரங்கில் வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். அரசாங்கம் பகிஷ்கரித்ததால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஒரு பதக்கமும் வரவில்லை. ஆனாலும் 1988-இல் கார் விபத்தில் அவர் இறந்தபோது தோட்டம் தோட்டமாக ஜனங்கள் கலங்கினார்கள். பின்னால் 1994, 1995-இல் ஆட்டத்தை விலைக்கு விற்ற விவகாரம் வெடித்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரணைக்குப் போனார்கள். அரங்குகள் காலியாயின. டிக்கெட் வாங்கிக் கூரையில்லாப் பகுதியில் வெயிலில் உட்கார்ந்து பார்த்த நம் ஆட்கள், "எவன் காசு வாங்கினானோ, எவன் வாங்கலையோ" என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டார்கள். காசு வாங்காதவனும் அந்தக் காலி அரங்கில்தான் ஆடினான்.

கிரிக்கெட் நம் தோட்டங்களில் அவ்வளவாக இல்லை, இருந்தாலும் ஒன்று. 1980-இல் பம்பாயில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட் ஆட்டம். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து தள்ளாடுகிறது. பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய இந்தியத் தலைவர் குண்டப்பா விஸ்வநாத், போய்க்கொண்டிருந்தவரைத் திரும்பக் கூப்பிட்டு ஆட வைத்தார். திரும்பி வந்தவர் போத்தமோடு சேர்ந்து 171 ஓட்டங்கள் சேர்த்தார். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. விஸ்வநாத் செய்தது முட்டாள்தனம் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத்தான் பேசுகிறார்கள்.

நடுவரைக் கெட்ட வார்த்தையில் ஏசுவது, தோற்றதும் நாற்காலியை வீசுவது பற்றியும் நிறைய எழுதலாம். சுருக்கமாக ஒன்று: "அந்தத் தோட்டத்துப் பசங்களா? கூப்பிடாதீங்க, கலாட்டா பண்ணுவாங்க" என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால், அடுத்த வருஷம் ஆட வேண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அழைப்புக் கடிதம் வராது. வரப்பில் நின்று கத்தினவர்கள் முக்கால்வாசி பெரியவர்கள்.

அடுத்த போட்டிக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆட்டக்காரர் பட்டியலைக் கமிட்டிச் செயலாளர் பையில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே கோயில் வாசலிலோ மளிகைக் கடையிலோ ஒட்டுங்கள். பெயர், பிறந்த வருஷம், யார் வீட்டுப் பிள்ளை. இந்த மூன்றும் இருந்தால் போதும், ஊரே பார்த்துக்கொள்ளும். ஆட்டத்தன்று இரண்டு குழு மேனேஜர்களும் பக்கத்தில் நிற்க, அசல் கார்டையும் முகத்தையும் வைத்துப் பெயர் கூப்பிடச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. எதிர்க் குழு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏன் என்று அங்கேயே கேளுங்கள், ஒலிபெருக்கியில். தாய்மார்கள் கேட்டால் இன்னும் நல்லது.