பட்டன் டயரும் பி.காம். கணக்கும்

மதுரைக்காரனுக்கு மூன்று விஷயத்தில் யாரும் யோசனை சொல்லத் தேவையில்லை. எந்தக் கடையில் பரோட்டா, எந்தத் தெருவில் ஜிகர்தண்டா, எந்தச் சந்து வழியாகப் போனால் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டாமல் தப்பிக்கலாம். நாலாவதாக ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு என்ன டயர் போடுவது? இதில் மட்டும் கேட்காதவனும் யோசனை சொல்வான். நான் கேட்டே வாங்கிக்கொண்டேன். அந்த யோசனையின் பலனை எங்க அம்மா ஆறு வாரம் கையில் மாவுக்கட்டாகச் சுமந்தார்.

நடந்தது இதுதான். திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் கிராமம். வீட்டிலிருந்து 45 கிலோமீட்டர். அதில் 41 கிலோமீட்டர் தார் ரோடு. கடைசி 4 கிலோமீட்டர் கண்மாய்க்கரை. கோடையில் அது புழுதி. ஐப்பசி பிறந்துவிட்டால் அல்வா.

கரிசல் மண்ணை மழையில் மிதித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலடி நடந்தால் செருப்பு ஒரு கிலோ. எட்டடி நடந்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும், கால் மட்டும் ஊருக்கு வரும். மோட்டார் சைக்கிளுக்கும் அதே கதிதான். டயரில் ஒட்டிய மண் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்றவே சுற்றாது. பெட்ரோல் போட்டு வாங்கிய வண்டியை மாடு மாதிரித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வயலில் நிற்கிற மாடு ஏளனமாகப் பார்க்கும்.

இந்தச் சோகத்தை மச்சானிடம் சொன்னேன். மச்சான் வாரத்துக்கு ஏழு நாளும் யூ ட்யூபில் லடாக் போகிறவர். நிஜத்தில் திண்டுக்கல் தாண்டியதில்லை.

"மாப்ள, பட்டன் டயரைப் போடு. ஒரே டயர், ஊருக்கும் ஆச்சு காட்டுக்கும் ஆச்சு. வண்டிக்கும் ஒரு கெத்து வேணும்ல?"

கெத்து என்ற சொல்லில் விழாத இளைஞன் மதுரையில் பிறக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய இளைஞனுக்கும் இது பொருந்தும். மறுநாளே போட்டாயிற்று. பலாப்பழத்தை நறுக்கி ரிம்மைச் சுற்றி ஒட்டின மாதிரி கட்டை கட்டையாக ரப்பர். சிக்னலில் நின்றால் காலேஜ் பையன்கள் குனிந்து பார்த்தார்கள். எனக்கு ஓர் அங்குலம் வளர்ந்துவிட்ட உணர்ச்சி.

ஒரே ஒரு குறை. வேகம் கூடினால் 'உய்ய்ங்' என்று ஒரு சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "ஏந்தம்பி, வண்டிக்குள்ள என்ன மாவு மில்லு ஓடுது?"

பட்டன் டயரைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். கண்மாய்க்கரையில் அது ராஜா. கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருப்பதால் மண் தங்காமல் தெறித்து விழுந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தள்ளாமலே ஊர் போய்ச் சேர்ந்தேன். மாடு என்னை மரியாதையுடன் பார்த்தது.

வினை வந்தது பைபாஸ் ரோட்டில். அம்மாவை கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போன நாள். அந்த ஐப்பசியின் முதல் மழை, பத்தே நிமிஷம் தூறிவிட்டு நின்றிருந்தது. பெரிய மழையை நம்பலாம் சார், முதல் தூறலை நம்பவே கூடாது. மாதக்கணக்கில் ரோட்டில் சிந்திய ஆயிலும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகி மிதக்கிற நேரம் அது. முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஷேர் ஆட்டோக்களின் பரம்பரை வழக்கப்படி, காரணமே இல்லாமல் நின்றது. நான் பிரேக் பிடித்தேன். பிரேக் பிடித்தது. டயர் பிடிக்கவில்லை.

வேகம் 30-கூட இருக்காது. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. அம்மா கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் கீறல். ஓடி வந்த ஜனங்கள் என்னை இரண்டு திட்டுத் திட்டலாம் என்று வாயெடுத்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ரோடு வழுக்கிருச்சுப்பா. எம்புள்ள மெதுவாத்தான் வந்தான்."

அன்றைக்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும்.

மறுநாள் வண்டியை எங்கள் தெருமுனை பஞ்சர் கடை அண்ணனிடம் உருட்டிக்கொண்டு போனேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே கதையைக் கேட்டார். கடைசியில் டயரைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, கட்டை கட்டையா இருக்குல்ல, அந்தக் கட்டை மட்டும்தான் ரோட்டைத் தொடுது. மீதியெல்லாம் பள்ளம். பள்ளம் வந்து பிரேக் பிடிக்குமா?"

இதற்கு மேல் எந்த இன்ஜினீயரிங் காலேஜிலும் பாடம் நடத்த முடியாது. மண்ணில் கட்டைகள் உள்ளே புதைந்து பிடிக்கும். தாரில் புதைய முடியாது, நுனியில்தான் நிற்கும். வளைவில் சாய்த்தால் கட்டைகள் நெளியும். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதில் ஏறுகிற பையன்கள் கவனிக்க வேண்டும்: மலை என்றாலும் அது தார் ரோடு! அதுவும் போக, தாரில் ஓடும்போது கட்டைகள் சூடாகி, சோப்புக்கட்டி மாதிரித் தேயும்.

"அப்ப எந்த டயருண்ணே நல்ல டயரு?"

"அதை நான் எப்பிடிச் சொல்ல? ஒங்க வண்டி எங்கிட்டெல்லாம் ஓடுதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. நீங்கதான் கணக்குப் படிச்சவராச்சே."

பி.காம். முடித்து இத்தனை வருஷத்தில் அந்தப் படிப்பை ஒருவர் மதித்தது அதுதான் முதல் தடவை. பேரேடு போட்டேன். ஊருக்குள் அலைச்சல் நாளுக்கு 25 கிலோமீட்டர், 6 நாளைக்கு 150. ஞாயிற்றுக்கிழமை கிராமம் போக வர 90. மொத்தம் 240. இதில் கண்மாய்க்கரை எவ்வளவு? போக 4, வர 4. ஆக 8.

முப்பதில் ஒரு பங்கு!

பொங்கலன்றைக்கு ஒரு நாள் ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போவதற்காக, வருஷம் பூராவும் டவுசரை வரிந்து கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவனை என்ன சொல்வோம்? அவன்தான் நான். மீதி 29 பங்கு தார் ரோட்டில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பங்கு சேற்றுக்காக டயர் போட்டிருக்கிறேன்.

பேரேட்டைப் பார்த்ததும் அண்ணனுக்குச் சிரிப்பு. அப்புறம் அவர் சொன்னதும் நான் தேடித் தெரிந்துகொண்டதுமாக, வாசக நண்பர்களுக்கு இதோ:

பட்டன் டயருக்கும் வழவழ ரோடு டயருக்கும் நடுவே ஒரு ஜாதி உண்டு. கட்டை இருக்கும், ஆனால் பெரிதாக, தட்டையாக, நெருக்கமாக இருக்கும். ரோட்டைத் தொடுகிற பரப்பு அதிகம். இடைவெளி குறைவு என்றாலும் புழுதிக்கும் சரளைக்கும் லேசான சேற்றுக்கும் போதும். ஆபீஸ் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி என்று சுற்றுகிறவர்களுக்கு இதுவே தாராளம். பட்டன் டயர், பாதி நாளாவது மண்ணிலேயே கிடக்கிறவனுக்கு.

உழைப்பு என்பதும் ஏமாற்று வார்த்தைதான். ரப்பர் கடினமாக இருந்தால் நாள்பட உழைக்கும், ஈரத்தில் பிடிக்காது. மெத்தென்று இருந்தால் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் ஒரே டயரில் முழுசாக வேண்டும் என்று கேட்பவன் வட்டியும் வேண்டும், வரியும் கூடாது என்கிற ரகம். விலையை மட்டும் பார்க்காமல் ஓடுகிற தூரத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 3,000 ரூபாய் டயர் 8,000 கிலோமீட்டரில் மொட்டையானால் கிலோமீட்டருக்கு 37½ பைசா. 3,600 ரூபாய் டயர் 18,000 ஓடினால் 20 பைசா. எது மலிவு?

டயரின் பக்கவாட்டில் ஒரு ஜாதகமே எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. 100/90-17 55P என்றால்: அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு, ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ வரை தாங்கும் என்பதன் குறி. P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிற அளவையே போடுங்கள். கெத்துக்காகப் பெரிசு போட்டால் அது மட்கார்டை நக்கும்.

இன்னொரு இடத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் பிறந்த டயர். கடைக்காரர் அநியாயத்துக்குத் தள்ளுபடி தந்தால் முதலில் இந்தப் பிறந்த தேதியைப் பாருங்கள். டயர் ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும், இறுகும். அம்புக்குறி போட்டிருந்தால் அது சக்கரம் சுற்றும் திசை. மாட்டுகிற அவசரத்தில் அதை மாற்றிவிடுகிற கைகளும் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள்.

நம்ம ஊர்ச் சமவெளியில் இன்னொரு எதிரி சீமைக் கருவேல முள். பட்டனா, வழவழாவா என்று அது ஜாதகம் பார்ப்பதில்லை. டியூப் டயர் என்றால் முள் ஏறியதும் காற்று மளமளவென்று இறங்கி வண்டி ஆட்டம் போடும். டியூப்லெஸ்ஸில் முள் அடைப்பாக நிற்பதால் காற்று மெதுவாக இறங்கும், பஞ்சர் கடைவரை போய்ச் சேரலாம். வழியில் வீரத்தைக் காட்டி முள்ளைப் பிடுங்காதீர்கள். கம்பி ஸ்போக் ரிம் என்றால் பெரும்பாலும் டியூப்தான், டூல் பாக்ஸில் ஒரு டியூப் வைத்துக்கொள்வது புண்ணியம்.

டயர் விஷயத்தில் மதுரைக்காரன் ஏமாறுவது ஒரு விதத்தில் அவமானம். 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட ஊர் இது. லாட ஆணிகள் குத்தி டயர் பஞ்சராகக் கூடாது என்று ரோட்டில் காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். 1982-இல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனம், மேலூர் போகிற வழியில் வெள்ளரிப்பட்டியில் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு டயர் செய்கிறது. டயர் பிறக்கிற ஊரில் இருந்துகொண்டு, லடாக் வீடியோவைப் பார்த்து டயர் வாங்கியிருக்கிறேன்!

அதைவிட உறைத்தது இன்னொரு சேதி. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்று ஒரு மாட்டு டாக்டர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று ஆட்டியதைப் பார்த்துத்தான் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். 1888-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆக, நாம் இன்றைக்கு ஓட்டுகிற காற்று டயர் நடைமுறைக்கு வந்ததே, வீட்டில் ஒருத்தர் நோகாமல் உட்கார வேண்டுமே என்கிற கவலையில்தான். கெத்து என்ற பேச்சே அங்கே இல்லை.

பட்டன் டயரைக் கழற்றினேன். நடு ஜாதி டயர் மாட்டியாயிற்று. புது டயர் வழுக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டரை மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி ஓட்டினேன். வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் டயர் சூடாகும் முன்னே காற்றுப் பார்க்கிறேன். கண்மாய்க்கரை வந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்பிவிடுகிறேன். இதற்காக நூறு தடவை குத்தினால் மூச்சு வாங்குகிற சைக்கிள் பம்ப் ஒன்று வண்டியில் தொங்குகிறது. அடைமழையில் வண்டியைத் திருமங்கலத்திலேயே தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, கடைசி நாலு கிலோமீட்டரை நடந்துவிடுகிறேன். மாடு பழையபடி ஏளனமாகத்தான் பார்க்கிறது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு முதல் தடவையாக அம்மாவை வண்டியில் ஏற்றினேன். கட்டு இருந்த கையைத்தான் என் தோளில் வைத்துக்கொண்டார். அதே பைபாஸ் ரோடு. கொஞ்ச தூரம் போனதும் காதருகே குனிந்தார்.

"ஏந்தம்பி, மாவு மில்லை மூடிட்டியா?"

"ஆமாம்மா... நஷ்டத்துல ஓடுச்சு."