சீட்டாட்டத்தில் வாழும் செய்யுள்



மொழி கற்கப் புகுவோர்க்கு இரு வாயில்கள் உண்டு. ஒன்று பாடநூல்; மற்றொன்று விளையாட்டு. முதல் வாயில் எங்கே இருக்கிறது என்பதை யாவரும் அறிவர். இரண்டாவது வாயில் பெரியவர்களின் கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை. ஜப்பானிய மொழியை நாம் பயிலத் தொடங்கிய மூன்று ஆண்டுகளில் அவ்வாயிலின் அருமையை ஓரளவு உணர்ந்தோம். இத்திங்கள் அதனைப் பற்றியே எழுத விழைகிறோம்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவருக்கு ஜப்பானிய மொழி எதற்கு என்று கேட்போர் பலர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயிலை ஓடவிட்ட நாடு அது. ரயிலை நம்பிப் பிழைப்பவர்க்கு அந்நாட்டின்மீது ஆவல் எழுவதில் வியப்பில்லை. நாம் வாழும் புனே நகரிலோ ஜப்பானிய மொழி வகுப்புகளுக்குக் குறைவே இல்லை. அலுவல் முடிந்த மாலை வேளையில் அத்தகைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தோம். உடன் பயில்வோரில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களை அங்கே அழைத்து வந்தது ரயில் அன்று, மங்கா. இது நம் ஊறுகாய் மாங்காய் அன்று. ஜப்பானியர் சித்திரக்கதைக்கு வழங்கும் பெயர். அக்கதைகள் உயிர்பெற்று ஓடும் படங்களுக்கு அனிமே என்று பெயர். டோரேமான், ஷின்சான் ஆகியோரை ஹிந்திக் குரலில் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை.

அப்பிள்ளைகளின் தூண்டுதலால் நாமும் ஒரு மங்காவைக் கையில் எடுத்தோம். அதன் பெயர் சிஹயஃபுரு. யூக்கி சுவெட்சுகு என்னும் பெண்மணி எழுதி வரைந்தது. 2007-இன் இறுதியில் ஒரு சஞ்சிகையில் தொடங்கி 2022-இல் நிறைவுற்றது. நூலாக ஐம்பது தொகுதிகள். 2011-இல் அனிமேயாகவும் வந்தது. இத்தனை நீண்ட கதையின் பொருள் யாதெனில், ஒரு சீட்டாட்டம். பணம் வைத்து ஆடும் சீட்டு அன்று. பழம்பாடல்களைக் கொண்டு ஆடும் சீட்டு.

ஃபுஜிவரா நோ தெய்க்கா என்னும் புலவர் ஏறத்தாழ 1235-ஆம் ஆண்டில், நூறு புலவர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பாடலாக நூறு பாடல்களைத் தொகுத்தார். ஹியக்குனின் இஷ்ஷு என்பது அத்தொகுப்பின் பெயர். ஒவ்வொரு பாடலும் 5, 7, 5, 7, 7 என்று முப்பத்தோரு அசைகளால் ஆனது. அந்த நூற்றுவருள் இருபத்தொருவர் பெண்பாற் புலவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஜப்பானுக்குச் சென்றபோது விளையாட்டுச் சீட்டையும் கொண்டு சென்றனர். அவர்களுடைய 'கார்த்தா' என்னும் சொல் ஜப்பானியர் வாயில் 'கருத்தா' ஆயிற்று. நாம் ஊருக்கு எழுதும் கடுதாசியும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததே என்பர். அவ்வாறாயின் அச்சீட்டும் இக்கடுதாசியும் உறவினரே. வெளிநாட்டார் கொணர்ந்த சீட்டில் ஜப்பானியர் தங்கள் பழம்பாடல்களை எழுதிக்கொண்டனர். அதுதான் அவர்கள் செய்த நுட்பம்.

ஆட்டத்தின் முறை இது. படிக்கும் சீட்டு நூறு; எடுக்கும் சீட்டு நூறு. படிக்கும் சீட்டில் பாடல் முழுவதும் இருக்கும். எடுக்கும் சீட்டில் கடைசி இரண்டு அடிகள் மட்டுமே இருக்கும். அவையும் ஹிரகனா என்னும் எளிய எழுத்தில் அமைந்தவை. ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கண்டு அஞ்சும் நம் போன்ற தொடக்க மாணவரும் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். போட்டியில் எடுக்கும் சீட்டுகளில் ஐம்பதை மட்டும் எடுத்து, ஆளுக்கு இருபத்தைந்தாகப் பாய்மீது பரப்புகின்றனர். அவை இருக்கும் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம் தரப்படுகிறது. பின்னர் ஒருவர் பாடலை இசையுடன் படிக்கத் தொடங்குவார். அப்பாடலின் ஈற்றடிகள் உள்ள சீட்டை எவர் முதலில் தொடுகிறாரோ அவருக்கு அது உரியது. தம் பக்கத்துச் சீட்டுகள் யாவும் முதலில் தீர்ந்தவரே வென்றவர்.

பாடல் முடியும் வரை காத்திருப்பவர் தோற்பார். 'மு' என்னும் அசையில் தொடங்கும் பாடல் நூற்றில் ஒன்றே உண்டு. ஆகவே 'மு' என்ற ஒலி காதில் விழுந்த கணமே கை பாயும். இவ்வாறு ஓர் அசையிலேயே தெரிந்துவிடும் பாடல்கள் ஏழு. ஆறாம் அசை வரை பொறுத்துக் கேட்டால்தான் தெரியவரும் பாடல்கள் ஆறு. ஆட்டம் நடக்க நடக்க இக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒரே தொடக்கமுடைய இரு பாடல்களில் ஒன்று முன்னமே படிக்கப்பட்டுவிட்டால், மற்றதற்கு அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை அன்றோ? நாள்தோறும் ரயிலேறும் பயணிகள் நிலைய அறிவிப்பின் முதற்சொல்லைக் கேட்டதுமே மூட்டையைத் தூக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். இதுவும் அத்தகைய செவிப்பழக்கமே. மேலும், பாயில் இல்லாத ஐம்பது பாடல்களும் இடையிடையே படிக்கப்படும். அப்போது அவசரப்பட்டுச் சீட்டைத் தொட்டால் அது குற்றம். ஆகவே விரையவும் வேண்டும், அடங்கவும் வேண்டும்.

நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொரு வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் அந்த நூற்றில் சேராத பாடல் ஒன்றைப் படிக்கின்றனர். கொரியத் தீபகற்பத்தின் பைக்சே நாட்டிலிருந்து வந்த வானி என்னும் அறிஞர் பாடியதாக மரபு கூறும் பாடல் அது. முற்காலத்தில் எழுத்துப் பழகுவோர் முதன்முதல் எழுதிப் பார்த்த பாடல்களுள் ஒன்று என்பர். ஜப்பானியர் தம் பழம்பெரும் ஆட்டத்தின் வாயிலில் அயல்நாட்டார் ஒருவரின் பெயரால் வழங்கும் பாடலை வைத்திருக்கின்றனர். அயல்மொழி பயிலும் மாணவருக்கு இதைவிட இனிய வரவேற்பு வேறு என்ன வேண்டும்!

இவ்வாட்டத்திற்கு ஒரே சீரான போட்டி விதிகளை வகுத்து 1904-இல் முதல் போட்டியை நடத்தியவர், குரோய்வா ருய்க்கோ என்னும் பத்திரிகையாசிரியர். இன்று ஆண்டுதோறும் ஜனவரியில், ஓட்சு நகரத்து ஓமி ஆலயத்தில் மெய்ஜின், குவீன் என்னும் பட்டங்களுக்குப் போட்டி நடைபெறுகிறது. நூற்றில் முதற்பாடலைப் பாடியவராகக் கருதப்படும் தென்ஜி மன்னருக்குரிய ஆலயம் அது.

இத்தகைய ஆட்டம் ஒரு சிறு வட்டத்திற்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அதனைப் பள்ளிப் பிள்ளைகள் பலரிடம் கொண்டு சென்றது மேற்சொன்ன மங்கா. இதற்கு முன்னும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. கோ என்னும் பழைய பலகை ஆட்டம் முதியோர் பொழுதுபோக்கு என்று எண்ணப்பட்டிருந்த காலத்தில், ஹிக்காரு நோ கோ என்னும் மங்கா வெளிவந்து 2003-இல் நிறைவுற்றது. அதைப் படித்த சிறுவர்கள் கோ பலகையைத் தேடிப் போனார்கள். புதியது வந்தால் பழையது அழியும் என்று நாம் அஞ்சுகிறோம். அங்கே புதியதே பழையதைத் தோளில் சுமந்து சென்றிருக்கிறது.

சிஹயஃபுரு கதையில் நம்மைப் போன்ற குடும்பத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அரத்தா என்னும் சிறுவன் ஃபுக்குயி என்னும் பகுதியிலிருந்து தோக்கியோப் பள்ளிக்கு வந்து சேர்கிறான். அவனுடைய ஊர்ப்பேச்சு உடன் பயிலும் பிள்ளைகளுக்கு நகைப்பாக இருக்கிறது. அவனோடு எவரும் பேசுவதில்லை. ஆனால் அவன் பாட்டனார் பேர்பெற்ற மெய்ஜின். பாட்டனாரிடம் கற்ற சீட்டாட்டத்தில் அவன் கை பாயும்போது, நகைத்த வாய்கள் அடைத்துப் போகின்றன. ஊர் மாறி வந்த பிள்ளைக்குத் தலைநிமிர்வைத் தந்தது அவன் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த பொருளே. நம் பிள்ளைகள் புதுப்பள்ளியில் சேரும்போது வீட்டிலிருந்து எதைக் கொண்டு செல்கிறார்கள் என்று அதைப் படித்தபோது எண்ணிப் பார்த்தோம்.

சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம், "தம்பி, உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது என்கிறீர்கள். நீங்களோ ஜப்பான் எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். இது எந்த நியாயம்?" என்று கேட்டார். கடுமையான கேள்வி, ஆனால் அன்பினால் எழுந்தது. நம் மகளுக்கு ஒன்பது வயது. மராத்தியும் ஹிந்தியும் தேவநாகரியில் நன்கு படிப்பாள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். ஊரிலிருந்து பாட்டி கைப்பேசியில் அனுப்பும் செய்திகளை நாமே படித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பாட்டி பேத்திக்கென்று எழுதுவது பேத்தியின் கண்ணுக்கு எட்டவில்லை. இந்நிலை நம் இல்லத்தில் மட்டுமா இருக்கிறது?

பெரியவருக்கு நாம் அன்று சொன்ன விடையை இங்கே விரித்துரைக்கிறோம். பிறமொழிப் பற்று தாய்மொழியின் பங்கைத் தின்றுவிடும் என்பது நம் அனுபவம் அன்று. நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழைப் பாடமாகத் தருகிறோம். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம், கையில் பலகை, முகத்தில் கடுகடுப்பு. பள்ளிக்கூடத்தின் சுமை போதாதென்று இதுவும் ஒரு சுமையாகிறது. ஜப்பானியக் குழந்தைகளுக்கோ இரோஹா கருத்தா என்று எளிய சீட்டாட்டம் ஒன்றும் உண்டு. அதில் பாடலுக்குப் பதில் பழமொழி; எழுத்துக்கு ஒன்றாக, பழைய இரோஹா எழுத்து வரிசையில் அமைந்தது. "பூவினும் கொழுக்கட்டை மேல்" என்ற பொருளில் அமைந்த பழமொழியும் அவற்றுள் ஒன்று. ஒருவர் பழமொழியைப் படிப்பார். குழந்தைகள் அதன் முதலெழுத்தும் படமும் உள்ள சீட்டைத் தேடித் தட்டுவார்கள். எழுத்தும் அறிவுரையும் ஆட்டத்தோடு ஆட்டமாக உள்ளே சென்றுவிடும்.

எழுத்து வரிசையில் அமைந்த சிறு அறிவுரைகள் என்றதும் அன்பர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஔவையாரின் ஆத்திசூடியே அன்றோ! நம்மிடம் சீட்டு ஆயத்தமாக இருக்கிறது. வெட்டி எடுக்கத்தான் ஆளில்லை. வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டினோம். உயிரெழுத்துப் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, ஆகப் பதின்மூன்று சீட்டுகள். ஒவ்வொன்றிலும் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதற்குரிய வரியைக் கீழே எழுதினோம். வீட்டில் அம்மாள் படிக்க, மகளும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் தட்டினார்கள். அவ்விருவரும் மராத்தியர், அவர்களுக்கும் தடையில்லை. ஆய்தத்திற்குரிய வரியும் அகரத்திலேயே தொடங்குவதால், 'அ' என்று கேட்டதுமே பாய்ந்தவர் ஏமாறுவார். இரண்டாம் எழுத்து வரை பொறுத்தவரே சரியான சீட்டை எடுப்பார். இந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடித்தது நம் மகளே. நான்காம் நாள் மாலை பதின்மூன்று எழுத்தும் அவளுக்குப் பாடம். பாட்டியின் செய்திகளைப் படிக்க இன்னும் நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆயினும் அச்செய்திகளில் தான் அறிந்த எழுத்துகளைத் தானாகவே விரலால் சுட்டிக் காட்டத் தொடங்கியிருக்கிறாள்.

வளர்ந்த பிள்ளைகளுக்குத் திருக்குறள் இருக்கிறது. முதலடியைப் படிப்பது, இரண்டாமடியைச் சீட்டில் எழுதுவது, அவ்வளவே. ஐந்து அதிகாரங்களை எடுத்துக்கொண்டால் ஐம்பது சீட்டு. ஓமி ஆலயத்தில் பாய்மீது பரப்புவதும் அதே ஐம்பதுதான். எந்தக் குறளை எத்தனையாம் எழுத்தில் அடையாளம் காணலாம் என்று கணக்கிடுவதே தனி விருந்தாகும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கென ஒதுக்குமாறு சங்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறோம், அவரும் இசைந்துள்ளார். அன்பர்கள் தத்தம் வீட்டிலுள்ள பழைய பத்திரிகை அட்டைகளையும், ஒரு கத்தரிக்கோலையும் கொண்டுவரக் கோருகிறோம். நமக்குக் கேள்வி விடுத்த பெரியவரின் குரல் கணீரென்று இருக்கும். பாடலைப் படிக்கும் பொறுப்பை அவரே ஏற்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.